கார் கிளம்பியவுடன் அப்பாவின் அழைப்பு காருக்குள் போய்விடுகிறது: தானாக இணையும் புளூடூத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். அப்பா, நான், தம்பி மூவருடைய கைப்பேசிகளும் அந்தக் காரின் இசைப்பெட்டியில் பதிவாகியிருக்கின்றன. அப்பாவுக்கு நெல் வியாபாரம். காலையில் திண்ணையில் உட்கார்ந்தபடி ஆலைக்காரர்களிடம் விலை பேசுவது அவருடைய வழக்கம். அந்த நேரத்தில் தம்பி வாசலில் காரைக் கிளப்பினால், அப்பாவின் காதில் குரல் அறுந்துவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் காரின் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதுவரை சிறு தொல்லையாகத்தான் இருந்தது. போன வாரம் தம்பியோடு காரில் இன்னொரு வியாபாரி உட்கார்ந்திருந்தார். சம்பா நெல்லுக்கு எந்த விலை வரை போகலாம் என்று ஆலைக்காரர் அப்பாவிடம் சொன்னதை அவர் முழுவதும் கேட்டுவிட்டார். அதே நெல்லுக்கு அவரும் விலை கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் ரகசியம் என்று இருப்பதே அந்த ஓர் எண்தான். அப்பா யாரையும் திட்டவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பேசிக்கொண்டிருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் கார் எப்படி அழைப்பை எடுத்துக்கொள்கிறது? புளூடூத்தை அணைத்து வைத்துவிடலாம் என்றால், களத்தில் நிற்கும்போது அவருக்குக் காதில் மாட்டும் கருவி கட்டாயம் வேண்டும். ஒரு கையில் மூட்டையைக் குத்தி நெல் எடுத்துப் பார்க்கும் குத்தூசி, இன்னொரு கையில் நெல். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

குடந்தை பழுதுநீக்குநர் (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவின் வருத்தம் புரிகிறது. என் கடைக்கு இதே குறையோடு வருகிறவர்கள் நிறைய. கைப்பேசி கெட்டுவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். அது சொன்னபடிதான் நடந்துகொள்கிறது. சொன்னது எப்போது என்பதுதான் நமக்கு நினைவில் இருப்பதில்லை.

கார் வாங்கிய புதிதில் இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வந்திருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கும், ‘ஆம்’ என்று தொட்டிருப்பீர்கள். அப்போது இரண்டு கருவிகளும் தங்களுக்குள் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிச் சேமித்துக்கொள்கின்றன. 2007இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பிலிருந்து இந்த முறை. அதற்கு முன்பு 0000 அல்லது 1234 என்று தட்டிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை. கார் உயிர் பெற்றதும் தன் பட்டியலில் உள்ள கைப்பேசிகளை ஒவ்வொன்றாக அழைக்கும். பெரும்பாலான கார்களில் கடைசியாக இணைந்தவருக்கே முதலிடம். புளூடூத் திறந்திருக்கும் கைப்பேசி, சுமார் ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை, தன்னை யாராவது பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறது. அழைத்தவரிடம் சரியான சாவி இருந்தால் கதவைத் திறந்துவிடும். கைப்பேசியைப் பிறர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்தாலும் இது நடக்கும். மறைப்பது புதியவர்களிடமிருந்து மட்டும்தான். பழகியவருக்கு அது பொருந்தாது. இதைப் பலர் அறிவதில்லை.

கைப்பேசிகளிலும் காரிலும் உள்ள புளூடூத் பெரும்பாலும் பத்து மீட்டர் அளவுக்குக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. உங்கள் திண்ணைக்கும் வாசலுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்காது.

இப்போது வழி. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால், அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதிக்குப் போங்கள். காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். அழைப்புக்கு ஒரு பொத்தான், பாட்டுக்கு ஒரு பொத்தான், தொடர்பு எண்களுக்கு ஒரு பொத்தான் என்று தனித்தனியாக இருக்கும். அழைப்பை மட்டும் அணையுங்கள். கார் இணையும், பாட்டு பாடும். பேச்சு அப்பாவின் காதிலேயே இருக்கும். காதுக்கருவிக்கு இது எதுவும் தடையில்லை, அதற்குத் தனிப் பதிவு.

ஐபோனில் இப்படிப் பிரிக்க வசதி இல்லை. அணுகல்தன்மையில் தொடுதல் என்ற பகுதியில் அழைப்பின் ஒலி எங்கே போக வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் ‘ஸ்பீக்கர்’ என்று வைத்தால், அழைப்பை எடுக்கும்போது ஒலி கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே வரும். அதைவிட உறுதியான வழி, காரின் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயரையே நீக்கிவிடுவது. அவர் கார் ஓட்டுவதில்லை என்றால் அந்தப் பெயர் அங்கே இருக்கத் தேவையே இல்லை.

வெட்டாறு (திருவாரூர்) எழுதியது:

நான் நேராகச் சொல்கிறேன். வேலை முடிந்தால் புளூடூத்தை அணையுங்கள். விளக்கை அணைக்கிறோம், மோட்டாரை அணைக்கிறோம், இதை மட்டும் ஏன் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைக்க வேண்டும்?

ஆனால் அணைப்பதையும் இப்போது அவ்வளவு எளிதாக விடுவதில்லை. ஐபோனில் திரையை இழுத்தால் வரும் பலகையில் புளூடூத் பொத்தானைத் தொட்டால் அது அணைவதில்லை. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, அந்தப் பொத்தான் இப்போதுள்ள இணைப்புகளை மட்டும் துண்டிக்கும். கைக்கடிகாரம் போன்றவை தொடரும். மறுநாள் காலை 5 மணிக்கு எல்லாம் பழையபடி திரும்பிவிடும். முழுவதும் அணைக்க அமைப்புகளுக்குள் போக வேண்டும். ஆண்ட்ராய்டு 15இலும் ‘நாளை தானாக இயக்கு’ என்று ஒரு தேர்வு வந்திருக்கிறது. அங்கே குறைந்தபட்சம் அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

அணை என்றால் அணைய வேண்டும். நான் அணைத்ததை நானே மீண்டும் இயக்கும் வரை அது தொடக்கூடாது. இதில் எனக்குச் சமாதானமே இல்லை.

கடைமடை (வேதாரண்யம் பக்கம்) எழுதியது:

வெட்டாறு ஐயா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் எல்லோருக்கும் அணைத்து வைப்பது தீர்வாகாது. என் அம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம். இரண்டு வருடமாகப் புளூடூத் உள்ள செவிக்கருவி மாட்டியிருக்கிறார். கண்ணும் தெளிவில்லை, விரலும் நடுங்கும். அமைப்புகளுக்குள் போ, பற்சக்கரத்தைத் தொடு என்று அவரிடம் சொல்ல முடியுமா? காலையில் கருவியைக் காதில் வைத்ததும் அது தானாகக் கைப்பேசியைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. பேத்தி சிங்கப்பூரிலிருந்து அழைத்தால் குரல் நேராகக் காதுக்குள் வருகிறது. அம்மா முகத்தில் அந்த நேரத்தில் வரும் தெளிவை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு முன்பு ‘யார்? யார்?’ என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். பேத்தியிடம் பேசியதாகவே அவருக்கு இருந்ததில்லை.

ஒருமுறை யாரோ ஒருவர் ‘பேட்டரி தீர்ந்துவிடும்’ என்று சொல்லி அம்மாவின் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் அம்மா கருவி பழுதாகிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தார். தானாக இணைவது சிலருக்கு வசதி. என் அம்மாவுக்கு அதுதான் காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம்தான். மின்சாரம் போய், கோபுரங்கள் செயலிழந்து, கைப்பேசி வெறும் டார்ச் விளக்காகிவிட்டது. விழுந்த தென்னைகளின் படங்களை நிவாரணக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகளுக்குப் புளூடூத் வழியாகத்தான் அனுப்பினோம். ஒவ்வொரு படமும் ஊர்ந்து ஊர்ந்து போனது, ஆனால் போனது. கோபுரம் இல்லாமல் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள முடியும் என்பதன் அருமை அன்று தெரிந்தது.

குடந்தை பழுதுநீக்குநர் எழுதியது:

கடைமடை அண்ணா, அம்மாவின் கைப்பேசி ஆண்ட்ராய்டு 10க்கு மேல்தானே? 2019இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் செவிக்கருவிக்கு நேரடியாக ஒலி அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டிலேயே சேர்ந்தது. கைப்பேசி மாற்றினால் கடையில் செவிக்கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லாக் கைப்பேசியும் எல்லாச் செவிக்கருவியும் ஒத்துப்போவதில்லை.

பேட்டரி பற்றி உங்களிடம் சொன்னவருக்கு, பத்து ஆண்டுக்கு முந்தைய கைப்பேசிகள் நினைவில் இருந்திருக்கும். 2010இல் 4.0 பதிப்போடு குறைந்த மின்சாரப் புளூடூத் வந்துவிட்டது. சும்மா காத்திருப்பதற்கு இப்போது ஆகும் செலவு மிகவும் சொற்பம்.

படங்கள் ஊர்ந்து போனதற்குக் காரணம், பழைய முறையில் எல்லாமே புளூடூத் வழியாகவே போக வேண்டும். அதன் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட், நடைமுறையில் இன்னும் குறைவு. இப்போதுள்ள குயிக் ஷேர், ஏர்டிராப் போன்றவற்றில் புளூடூத் ஆளைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடும். படத்தைச் சுமந்து போவது வைஃபை. இரண்டு கைப்பேசிகளுக்கு நடுவே நேரடி வைஃபை, அதற்கும் கோபுரம் வேண்டாம்.

ஐயாறு ஒலியமைப்பு (திருவையாறு) எழுதியது:

நான் கல்யாணங்களுக்கும் கச்சேரிகளுக்கும் ஒலியமைப்புச் செய்பவன். தானாக இணைவதால் என் தொழிலில் வரும் சங்கடத்தைச் சொல்கிறேன்.

இப்போது வரும் கலவைப் பலகைகள் (ஒலி மிக்சர்) பலவற்றில் புளூடூத் இருக்கிறது. அவற்றில் திரை கிடையாது, எண் கேட்கவும் முடியாது. யார் தொட்டாலும் சேர்த்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டுப் பையன் முதல் நாள் வரவேற்பில் பாட்டுப் போட ஒருமுறை இணைத்திருப்பான். மறுநாள் முகூர்த்தத்தில் பலகையை இயக்கியதும் அது அவன் கைப்பேசியைத் தேடிப் பிடித்துவிடும். கெட்டிமேளம் ஒலிக்க வேண்டிய நேரத்தில் அவனுக்கு வந்த ஒளித்துணுக்கின் சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டிருக்கிறது. பெண்ணின் தந்தை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து என் பலகையில் புளூடூத் வழி எப்போதும் ஒலி குறைத்தே இருக்கும். பாட்டு வேண்டுமா, கம்பி நீட்டுவேன், அதில் மாட்டுங்கள்.

இன்னொரு செய்தி இசைக்காரர்களுக்கு. புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்பட்டு வருவதற்குள் நேரம் ஆகிறது. சாதாரண முறையில் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தாமதம் வரும். பாட்டு கேட்பவருக்கு அது தெரியாது. தவில்காரர் அதை நம்பி வாசித்தால் நடை போய்விடும். சுருதிப்பெட்டியைப் புளூடூத் ஒலிபெருக்கியில் வைக்கலாம், அது ஒரே நாதமாக நிற்பது. தாளம் சம்பந்தப்பட்ட எதையும் அதில் வைக்காதீர்கள். மாணவர்கள் சிலர் கம்பியில்லாக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பதிவோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறார்கள். பதிவு ஓடுகிற நேரம் ஒன்று, காதில் விழுகிற நேரம் ஒன்று; வாசித்ததைச் சேர்த்துப் பதிவு செய்தால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும். பழகுகிற கைக்கு அது நல்லதில்லை.

கடைமடை எழுதியது:

ஒலியமைப்பு ஐயா, தியாகராஜர் ஆராதனைக்கு அம்மாவை அழைத்து வர ஆசை. ஆனால் பந்தலில் செவிக்கருவிக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது என்கிறார். மேடையிலிருந்து நேராகக் காதுக்கு வர வழி உண்டா?

ஐயாறு ஒலியமைப்பு எழுதியது:

வழி வந்துகொண்டிருக்கிறது. 2020இல் புளூடூத்துக்கு எல்இ ஆடியோ என்ற புதிய ஒலி முறையை அறிவித்தார்கள். அதன் ஒரு பகுதிக்கு ஆராகாஸ்ட் என்று பெயர். அதில் ஜோடி சேர்ப்பதே கிடையாது. மேடையில் ஒரு கருவி ஒலிபரப்பும்; அதைப் புரிந்துகொள்ளும் செவிக்கருவி எத்தனை இருந்தாலும் எல்லாம் கேட்கலாம். கோயில் கதாகாலட்சேபம், கச்சேரி, ரயில் நிலைய அறிவிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அம்மாவின் அடுத்த செவிக்கருவி வாங்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மேடைப் பக்கத்துக் கருவியை வாங்குவது பற்றி நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கினால் இங்கே எழுதுகிறேன். அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

நியாயவிலை ஊழியர் (திருத்துறைப்பூண்டி வட்டம்) எழுதியது:

எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் ரேஷன் கடையில் எடைத்தராசும் விற்பனை முனையக் கருவியும் புளூடூத்தில்தான் பேசிக்கொள்கின்றன. அரிசியைத் தராசில் வைத்தால் எடை நேராகக் கருவிக்குப் போகும். நாங்கள் கையால் எண்ணைத் தட்ட முடியாது. எடையில் ஐயம் கேட்ட காலம் போய், அட்டைதாரரே திரையில் பார்க்கலாம். அந்த வகையில் நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில். காலையில் கூட்டமில்லாதபோது இணைப்பு அறுவதே இல்லை. பத்து மணிக்கு மேல் ஆட்கள் சூழ்ந்து நின்றால் அடிக்கடி அறுந்து மீண்டும் இணைகிறது. ஒவ்வொரு முறையும் வரிசை நிற்கிறது. வெயிலில் நிற்கும் பாட்டிகள் எங்களைத்தான் ஏசுகிறார்கள். ஆட்கள் நிற்பதற்கும் இணைப்புக்கும் என்ன தொடர்பு?

தஞ்சை விரிவுரையாளர் எழுதியது:

ஐயா, தொடர்பு இருக்கிறது. நான் மின்னணுவியல் கற்பிப்பவன், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புளூடூத் இயங்குவது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். இந்தியாவில் இந்தப் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005இல் விதி வந்தது. வைஃபையும் இங்கேதான், நுண்ணலை அடுப்பும் இங்கேதான். இந்த அலைகளைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். தராசுக்கும் கருவிக்கும் நடுவே நான்கு பேர் சாய்ந்து நின்றால் அலை தடைபடும். கைப்பேசியை இடப் பக்கப் பையில் வைத்துவிட்டு வலக் காதில் மட்டும் கேட்கும்போது விட்டுவிட்டு வருவதும் இதனால்தான். இரண்டு கருவிகளையும் ஒரே மேசையில், ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். நடுவில் இரும்பு அலமாரி, தகரப் பீப்பாய் எதுவும் வேண்டாம். உலோகம் உடலைவிட மோசம்.

இத்தனை நெருக்கடியிலும் அது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. பழைய வகைப் புளூடூத் அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறது. ஒவ்வொரு தடத்திலும் தங்கும் நேரம் 625 மைக்ரோநொடி. அந்தத் துண்டு நேரங்களை இரு பக்கமும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. தண்ணீர் குறைந்த ஆண்டில் நாம் முறைப்பாசனம் வைத்துக்கொள்வது போலத்தான், யார் எப்போது என்பதை ஒருவர் நிர்ணயிக்க, மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவர் தலைமையில் ஏழு கருவிகள் வரை ஒரே நேரத்தில் இயங்கலாம். சத்தம் மிகுந்த தடங்களை விட்டுவிட்டுப் போகவும் 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து அதற்குத் தெரியும். ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய வேலை இது. யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் அதில் முதன்மையானவர். காதில் மாட்டும் கருவிக்குக் கம்பி வேண்டாம் என்ற சின்ன ஆசையிலிருந்து வந்தது.

இனி, இந்த இழையின் முதல் கேள்விக்கு வருகிறேன். பழுதுநீக்குநர் சொன்ன சாவி இருக்கிறதே, அதையே தாக்கிய ஆராய்ச்சி உண்டு. 2020இல் அந்தோனியோலி, டிப்பன்ஹவர், ராஸ்முசன் என்ற மூவர் வெளியிட்டார்கள். பயாஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே பழகிய கருவியின் முகவரியைப் போட்டுக்கொண்டு ஒருவன் வருகிறான். சாவி அவனிடம் இல்லை. ஆனால் பழைய முறையில் இருவரும் ஒருவரையொருவர் சோதிப்பது கட்டாயமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் சோதித்தால் போதும். அவன் தந்திரமாகச் சோதிக்கும் பக்கத்துக்குத் தானே மாறிக்கொள்கிறான். சாவியைக் காட்டும்படி யாரும் அவனிடம் கேட்பதே இல்லை. இதே மூவர் அதற்கு முந்தைய ஆண்டு, பேச்சைப் பூட்டி அனுப்பும் மறையாக்கத் திறவுகோலை ஒரே பைட் (எட்டு பிட்) அளவுக்குச் சுருக்கிவிட முடியும் என்றும் காட்டியிருந்தார்கள். அதன் பிறகு குறைந்தது ஏழு பைட் வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். 2017இல் வெளிவந்த புளூபோர்ன் குறைகள் இன்னும் மோசம். அதற்கு ஜோடி சேர்ந்திருக்கவே தேவையில்லை, புளூடூத் திறந்திருந்தால் போதும்.

இவற்றை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. இவையெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, கருவியும் அறிவும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியவை. கைப்பேசி நிறுவனங்கள் திருத்தமும் வெளியிட்டுவிட்டன. ஆனால் திருத்தம் கைப்பேசிக்கு வரும், ஏழெட்டு ஆண்டு ஓடும் காரின் இசைப்பெட்டிக்குப் பெரும்பாலும் வராது. கைப்பேசியைப் புதுப்பித்து வைப்பது நம் கையில். காருக்கு என்ன அனுமதி தருவது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. ஒரு நாள் அவசரத்தில் தந்த சம்மதம் வருடக்கணக்கில் செல்லுபடியாகிறது; அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களையும் தேவையற்ற பெயர்களையும் நீக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

அரசலாறு (காரைக்கால்) எழுதியது:

விரிவுரையாளர் ஐயாவுக்கு நன்றி. நான் கல்லூரி மாணவி, தினமும் பஸ்ஸில் போகிறேன். எனக்கு வந்த தொல்லை வேறு. நெரிசலில் நிற்கும்போது கைப்பேசியில் ‘ஒருவர் உங்களுக்குப் படம் அனுப்ப விரும்புகிறார்’ என்று வரும். முன்னோட்டத்திலேயே பார்க்கக் கூசும் படம். பஸ்ஸுக்குள் யாரோ ஒருவன் அனுப்பியிருக்கிறான், யார் என்று தெரியாது. தோழிகள் பலருக்கும் நடந்திருக்கிறது. வீட்டில் சொன்னால் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வதே இல்லை.

பெண் பிள்ளைகள் எல்லோரும் இதைச் செய்துவிடுங்கள். குயிக் ஷேர், ஏர்டிராப் எதுவாக இருந்தாலும், ‘யார் அனுப்பலாம்’ என்ற இடத்தில் ‘எல்லோரும்’ என்று இருக்கக் கூடாது. ‘தொடர்புகள் மட்டும்’ என்று வையுங்கள், அல்லது முழுவதும் நிறுத்துங்கள். ஐபோனில் 2022 டிசம்பரில் வந்த திருத்தத்திலிருந்து ‘எல்லோரும்’ என்பது பத்து நிமிடத்துக்கு மட்டும்தான் நிற்கும், அதன் பிறகு தானாகத் ‘தொடர்புகள்’ என்று மாறிவிடும். எல்லாக் கைப்பேசியிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் அக்கா, அம்மா இருப்பவர்கள் அவர்கள் கைப்பேசியை வாங்கி இன்றைக்கே பாருங்கள். கேட்டால் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

தஞ்சை விரிவுரையாளர் எழுதியது:

நன்றாகச் சொன்னாய் அம்மா. இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள். பையில், வண்டியில் போட்டுவிட்டால் இருக்குமிடம் காட்டும் சின்ன வில்லைகள் விற்கின்றன. சாவி தொலைக்காமல் இருக்க வந்தவை; பெண்களைப் பின்தொடரவும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அறியாத வில்லை ஒன்று உன்னோடு கூடவே நகர்ந்தால் எச்சரிக்கும் வசதியை ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதத்தில் இரண்டு வகைக் கைப்பேசிகளுக்கும் கொண்டுவந்தன. அந்த எச்சரிக்கை வேலை செய்யப் புளூடூத் திறந்திருக்க வேண்டும். வெட்டாறு அவர்கள் சொல்வது போல எப்போதும் அணைத்து வைத்தால் இந்தக் காவல் போய்விடும்.

வெட்டாறு எழுதியது:

இது எனக்குப் புதிய செய்தி. என் மகள் திருச்சியில் விடுதியில் இருக்கிறாள். அவளிடம் அணைக்கச் சொல்லியிருந்தேன். திறந்தே வைத்துக்கொள், பகிர்வை மட்டும் நிறுத்து என்று இன்று சொல்கிறேன். என் கைப்பேசியில் அணைத்துத்தான் இருக்கும்.

குடமுருட்டி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. வயல் மோட்டாரைப் புளூடூத்தில் இயக்க முடியுமா? வீட்டிலிருந்து கொட்டகை அரைக் கிலோமீட்டர்.

குடந்தை பழுதுநீக்குநர் எழுதியது:

முடியாது அண்ணா, அந்தத் தூரம் புளூடூத்துக்கு ஆகாது. சந்தையில் கிடைப்பவை சிம் போட்டு இயங்குபவை; கோபுரம் வழியாக வேலை செய்யும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

பாமணியாறு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தம்பியோடு உட்கார்ந்து காரின் பட்டியலைத் திறந்தோம். அப்பாவின் பெயரை நீக்கிவிட்டோம். நேற்று மாலை அவர் பேசிக்கொண்டிருக்கும்போது காரைக் கிளப்பிப் பார்த்தோம். பேச்சு அவர் காதிலேயே இருந்தது. என் கைப்பேசியில் பற்சக்கரத்தைத் தொட்டு அழைப்பை மட்டும் அணைத்துவிட்டேன், பாட்டு வருகிறது.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. அந்தப் பட்டியலைத் திறந்தபோது, பெயருக்குக் கீழே எங்கள் எல்லோருடைய தொடர்பு எண்களும் காரிலேயே இருந்தன. அப்பாவின் ஆலைக்காரர்கள், தரகர்கள், உறவினர்கள், எல்லாம். கார் போன மாதம் பராமரிப்புக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே நின்றது.

நவக்கிரகச் சாரதி (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, அதைத்தான் நான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நான் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். வெளியூரிலிருந்து நவக்கிரகத் தலங்களைப் பார்க்க வருகிறவர்களைச் சூரியனார் கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், திருநள்ளாறு என்று அழைத்துப் போவேன். நீண்ட ஓட்டம். வருகிறவர்கள் தங்கள் பாட்டைக் கேட்க ஆசைப்படுவார்கள், கைப்பேசியை வண்டியில் இணைப்பார்கள். அப்போது ‘தொடர்புகளையும் அழைப்பு வரலாற்றையும் அனுமதிக்கவா’ என்று ஒரு கேள்வி வரும். பாட்டு வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் ‘அனுமதி’ என்று தொட்டுவிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வருவேன். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய மருத்துவர், வங்கி மேலாளர், பிள்ளைகள் எல்லோருடைய எண்ணும் என் வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. சில வண்டிகளில் கைப்பேசி பக்கத்தில் இல்லாவிட்டால் எண்களைக் காட்டாது, சிலவற்றில் காட்டும். என் வண்டி காட்டும் வகை. முன்பு வேறொருவர் ஓட்டிய வண்டி இது. நான் பொறுப்பேற்ற அன்று திறந்து பார்த்தால், முகம் அறியாதவர்களின் பெயர்கள் நிறைந்து கிடந்தன. எனக்கே உடல் கூசியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சவாரி முடிந்ததும் பட்டியலைத் திறந்து வந்தவர்களின் பெயரை நீக்கிவிட்டுத்தான் வண்டியைக் கழுவ விடுவேன். வருகிறவர்களிடமும் சொல்கிறேன்: ‘அம்மா, பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், எண்களுக்கு வேண்டாம் என்று தொடுங்கள், பாட்டு வரும்.’ பாட்டு வரும் என்பதே பலருக்குத் தெரியாது. சிலர் இறங்கும்போது தங்கள் கைப்பேசியில் என் வண்டியின் பெயரை நீக்கித் தரச் சொல்கிறார்கள், நீக்கித் தருகிறேன். நம்பி வண்டியில் ஏறியவர்கள். அவர்கள் வீட்டு எண்கள் என்னிடம் தங்கக் கூடாது.

நம் ஊர் ஓட்டுநர் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் செய்யுங்கள்.

வெட்டாறு எழுதியது:

சாரதி ஐயா, உங்களை நேரில் பார்த்தால் கைகுலுக்க வேண்டும். பழுதுநீக்குநர் தம்பி, பழைய காரை விற்கப் போகிறேன். ஒவ்வொரு பெயராக நீக்கினால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

குடந்தை பழுதுநீக்குநர் எழுதியது:

விற்பதென்றால் பெயர்களை நீக்குவது மட்டும் போதாது ஐயா. இசைப்பெட்டியின் அமைப்புகளில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வசதி இருக்கும். அதைச் செய்தால் எண்கள், அழைப்பு வரலாறு, வழிகாட்டியில் தேடிய வீட்டு முகவரி எல்லாம் சேர்ந்து போய்விடும். அது முடிந்த பிறகு உங்கள் கைப்பேசியிலும் மகளின் கைப்பேசியிலும் அந்தக் காரின் பெயரைத் தேடி ‘மறந்துவிடு’ என்று கொடுங்கள். இரு பக்கமும் சாவி அழிய வேண்டும். பராமரிப்புக்கு விடும்போது இவ்வளவு வேண்டாம். தொடர்பு எண்களுக்கான பொத்தானை அணைத்துவிட்டு, வண்டியில் எண்கள் போய்விட்டனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வசதி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், மகாமகக் குளத்துக்கு வடக்கே.